வடக்கு அபிவிருத்தி: ஆர் முடிவெடுக்கினம், ஆரிட்டக் கேக்கிறது? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் கூட்டுறவுப் பக்கம் கிளாக்கா இருந்து பென்சன் எடுத்த ஆள், இப்ப எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக்குச் செயலாளர். பின்னேரம் பேப்பர் பாக்க வாற ஆக்கள், கனடாவில இருந்து வட்ஸ்அப்பில வொயிஸ் மெசேச் போடுற மச்சான்மார், ஏ.எல். படிக்கிற பெடியள் எண்டு எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதால எழுதி வைக்கிறன். கேள்வியைக் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன், கேட்ட ஆக்களின்ர பெயர் போடேல்ல, ஒருத்தரும் கோவிக்க வேண்டாம்.

அபிவிருத்தி அபிவிருத்தி எண்டு கத்தினம், ரோட்டுப் போடுறதைத்தானே சொல்லினம்?

ரோட்டும் அதுக்குள்ள வரும், ஆனா ரோட்டு மட்டும் இல்ல. ஊர்ச்சனம் ஊரில இருந்துகொண்டே உழைச்சு, போன வருசத்தை விட இந்த வருசம் கொஞ்சம் கடனில்லாமச் சீவிக்குதெண்டா நான் அதைத்தான் அபிவிருத்தி எண்டுவன். 2009 க்குப் பிறகு வடக்கின் வசந்தம் எண்டு பெயர் வச்சு நிறையக் கட்டினவை, யாழ்ப்பாணம் கண்டி ஏ9 ரோட்டு சீனாக் கடனில கார்ப்பெற் ஆச்சு, 1990 இல நிண்டுபோன யாழ்தேவி ரெயின் இந்தியாக் கடனில தண்டவாளம் போட்டு 2014 ஒக்ரோபரில திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. நானும் அண்டைக்கு ஸ்ரேசனுக்குப் போய் நிண்டு பாத்தனான், கண்ணீர் வந்ததுதான், பொய் சொல்லேல்ல. ஆனா அதே ஏ9 இல நிறைஞ்சு வாற லொறியையும் வெறுமையாத் திரும்பிற லொறியையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

வடக்கு உண்மையா ஏழை மாகாணமோ? இஞ்ச வீடுகளைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே அண்ணை?

வீட்டைப் பாத்துக் கணக்குப் போடாதேங்கோ. இலங்கையின்ர மொத்த உற்பத்தியில மேல் மாகாணம் மட்டும் 40 வீதத்துக்கு மேல, வடக்கின்ர பங்கு வெறும் நாலஞ்சு வீதம், ஒன்பது மாகாணத்தில கடைசி வரிசையில நிக்கிறம். ரெண்டு மாடி வீடு கட்டினது இஞ்ச உழைச்ச காசில்ல, அனேகமா வெளியில இருந்து வந்த காசு. எங்கட பெரியாக்கள் இதை மணி ஓடர் பொருளாதாரம் எண்டுதான் சொல்லுறவை. முந்தி மலேயாவில இருந்து வந்தது, பிறகு கொழும்பில கவுண்மேந்து உத்தியோகம் பாத்த ஆக்கள் அனுப்பிச்சினம், இப்ப ரொறொன்ரோ, லண்டன், சுவிஸ். அனுப்பிற ஊர்தான் மாறினது.

ஆக்களும் குறைஞ்சு போச்சினம். கிளிநொச்சியைக் கழிச்சுப் பாத்தாலும் 1981 கணக்கெடுப்பில யாழ்ப்பாண மாவட்டத்தில 7 லட்சத்து 38 ஆயிரம் பேர், 2012 இல 5 லட்சத்து 83 ஆயிரம். 2010 தேர்தலில 9 ஆ இருந்த பாராளுமன்ற ஆசனம் 2015 இல 7, 2024 இல 6. இது சும்மா அரசியல் கணக்கில்ல, ஆசனம் குறைஞ்சா கொழும்பில கதைக்கிற வாயும் குறையும், எம்பிமாருக்கு ஒதுக்கிற காசும் மாவட்டத்துக்குக் குறைவாத்தான் வரும்.

முந்தி இஞ்ச பெரிய பக்ரறியெல்லாம் இருந்ததெண்டு அப்பப்பா சொல்லுவார், மெய்யோ?

மெய்தான். காங்கேசன்துறைச் சீமெந்து பக்ரறி 1950 இல தொடங்கினது, 1990 இல சண்டையோட நிண்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை எடுத்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. இந்த ரெண்டுக்கும் பின்னால ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின்ர பெயர் வரும், அவர் 1948 இல இருந்து 1953 வரை கைத்தொழில் கடற்றொழில் அமைச்சர். பக்ரறி கொண்டு வந்த அதே ஆள்தான் மலையகத் தமிழரின்ர பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கையும் அரசாங்கத்தோடயே நிண்டவர், அந்தக் கோவத்திலதான் செல்வநாயகம் பிரிஞ்சு போய் 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சியைத் தொடங்கினவர். அதால அவரை ஒரு சொல்லில நல்லவர் கெட்டவர் எண்டு முடிக்கேலாது, இண்டைக்கும் எங்கட வாசிகசாலையில இதுக்குச் சண்டை வரும்.

பக்ரறியை விடப் பெரிய கதை தோட்டம். 1970 இல இருந்து 77 வரை சிறிமா அரசாங்கம் வெளிநாட்டுச் சாமானை மறிச்ச நேரம் எங்கட செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொன் விலைக்குப் போனது, அந்த ஏழு வருசத்தில மிளகாய்க் காசில கல்வீடு கட்டின ஆக்கள் ஊருக்கு ஊர் இருக்கினம். 77 இல ஜே.ஆர். வந்து கதவைத் திறந்து விட்டார், விலை விழுந்துது. கொழும்பில ஒருத்தர் போடுற ஒரு கையெழுத்து இஞ்ச ஒரு தலைமுறையைத் தூக்கி விட்டது, அடுத்த கையெழுத்து இறக்கி விட்டது. ரெண்டு தரமும் எங்கட தோட்டக்காரனை ஒருத்தரும் கேக்கேல்ல. கீழ கன கேள்விக்கு இந்த விசயத்துக்குத்தான் திரும்பி வருவன், மறக்காதேங்கோ.

ஆளுநர், ஜீஏ, அமைச்சர், மேயர், தவிசாளர், டீஎஸ்... உதுக்குள்ள ஆர் பெரிசு? ஒரு அலுவலுக்கு ஆரிட்டப் போறது?

இதுதான் ஆகக் கூடக் கேக்கிற கேள்வி. ஜீஏ எண்டா மாவட்டத்தின்ர அரசாங்க அதிபர், டீஎஸ் எண்டா பிரதேச செயலாளர், தவிசாளர் எண்டா பிரதேச சபை, நகர சபையின்ர தலைவர். ஆர் பெரிசு எண்டு பாக்காதேங்கோ, அலுவல் ஆற்ற எண்டு பாருங்கோ. ரோட்டையே எடுப்பம். ஏ, பி எண்டு தொடங்கிற ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர, அது மத்திய அரசாங்கம். சி, டி ரோட்டு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின்ர. மிச்ச ஒழுங்கையள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையின்ர. ஒழுங்கை குண்டும் குழியுமாக் கிடக்கெண்டு ஆளுநருக்கு மகஜர் குடுத்தா அது சுத்திச் சுத்தி ஆறு மாசத்தால பிரதேச சபை மேசைக்குத்தான் வரும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்தி, பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையள் மாகாணம். தேசிய பாடசாலை மத்தி, மற்றப் பள்ளிக்கூடங்கள் மாகாணம்.

ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், இப்ப இருக்கிறவர் நா. வேதநாயகன், அவர் முந்தி இஞ்ச ஜீஏயாவும் இருந்தவர். ஜீஏ யாழ்ப்பாணக் கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில இருக்கிறார், மத்திய அரசாங்கத்தின்ர ஆள், அவருக்குக் கீழ 15 பிரதேச செயலகம், 435 கிராம சேவகர் பிரிவு. பக்கத்தில 17 உள்ளூராட்சி சபை, ஒரு மாநகர சபை, 3 நகர சபை, 13 பிரதேச சபை. எல்லாரையும் ஒரு மண்டபத்தில இருத்திற இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், யாழ்ப்பாணத்தில அதுக்குத் தலைமை கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர். பேப்பரில கூட்டத்தில நடந்த வாய்ச்சண்டை வரும், எடுத்த முடிவு கடைசிப் பந்தியில ரெண்டு வரியில கிடக்கும், நீங்கள் அந்த ரெண்டு வரியை வாசியுங்கோ.

ஒரு பழங்கதை. வெள்ளைக்காரன் காலத்தில டைக் எண்ட ஜீஏ 1829 இல இருந்து 1867 வரை இஞ்ச இருந்தவர், அவரை வடக்கின்ர ராஜா எண்டே சொல்லுறவையாம், பழைய பூங்கா அவர் வச்சதுதான். எங்கட சனத்தின்ர மனசில அந்த ராஜா நினைப்பு இன்னும் போகேல்ல எண்டு நினைக்கிறன், கச்சேரிக்குப் போனா எல்லாம் நடக்கும் எண்டு காலமைப் பஸ் ஏறுற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம்.

மாகாண சபை எண்டு ஒண்டு இருந்ததுதானே, அது என்ன செய்தது? இப்ப ஏன் இல்ல?

2013 செப்ரெம்பரில முதல் தேர்தல், 38 இல 30 இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சர். 2018 ஒக்ரோபரோட காலம் முடிஞ்சுது. அதோட சரி. எல்லை பிரிக்கிற அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல தோக்கடிச்சுது, புதுச் சட்டத்தாலயும் தேர்தல் வைக்கேலாம பழசாலயும் வைக்கேலாம ஒன்பது மாகாணமும் ஆளுநரின்ர கையில. வடக்குக்கு மட்டும் நடந்த அநியாயம் எண்டு நினைக்காதேங்கோ, ஊவாவிலயும் இதுதான் கதை.

என்ன செய்தது எண்டா... நான் ரெண்டு பக்கமும் சொல்லுறன். கையைக் கட்டித்தான் விட்டவை: முதலமைச்சர் நிதியம் எண்டு ஒண்டு தொடங்கி வெளிநாட்டுக் காசை நேர எடுக்கப் பாத்தவை, அதுக்கு அனுமதி கிடைக்கேல்ல. காணி, பொலிஸ் அதிகாரம், மாகாண சபையைத் தந்த அரசியலமைப்பு 13 ஆம் திருத்தத்தில எழுத்தில கிடக்கு, கையில தரேல்ல. ஆனா கட்டாத கையாலயும் கன வேலை செய்யேல்ல, சபையில தீர்மானம் தீர்மானமா நிறைவேத்தினதில பாதி நேரத்தைப் பால் சேகரிப்புக்கும் விதை உருளைக்கிழங்குக்கும் குடுத்திருக்கலாம் எண்டது என்ர எண்ணம். கோவிக்கிற ஆக்கள் கோவியுங்கோ.

இதுக்கு முந்தியும் ஒண்டு தந்தவை, 1981 இல மாவட்ட அபிவிருத்தி சபை. ஜூன் 4 அதுக்குத் தேர்தல், அதுக்கு மூண்டு நாலு நாள் முந்தித்தான் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. அபிவிருத்தி எண்ட சொல்லைக் கேட்டா எங்கட வயசு ஆக்கள் ஏன் முகத்தைச் சுழிக்கினம் எண்டு இளம் பெடியள் கேக்கிறாங்கள், இதுதான் காரணம்.

வந்த காசு செலவழிக்காமத் திரும்பிப் போச்சாமே? எங்கட ஆக்களுக்குச் செலவழிக்கக் கூடத் தெரியாதோ?

ஒவ்வொரு வருசமும் ஜனவரியில இந்தக் கதை வரும். காசு எண்டது பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக் கொழும்பில இருந்து வாறதில்ல. பட்ஜெற்றில ஒதுக்கிறது ஒண்டு, திறைசேரி கட்டங் கட்டமா விடுவிக்கிறது வேற. காசு பிந்தித்தான் வரும், அதுக்குப் பிறகு ரெண்டர் கூப்பிட்டு, விலை பாத்து, கொன்ராக்ற் குடுத்து முடிய ஒக்ரோபர் நவம்பர், எங்களுக்கு அப்பத்தான் மாரி. வெள்ளத்துக்கை நிண்டு தார் ஊத்தேலுமோ?

அதோட சில அலுவலகத்தில மதிப்பீடு செய்ய ரெக்னிக்கல் ஒபிசர் ஒருத்தர்தான், அவருக்கு அம்பது வேலை. ஆனா எல்லாத்தையும் கொழும்பின்ர தலையில போடவும் ஏலாது, பெப்ரவரியில மதிப்பீடும் படமும் தயாரா வச்சிருக்கிற சபை காசு வந்த உடன வேலையைத் தொடங்குது, மற்றது அப்பத்தான் கோவையைத் தேடுது. ஒரே மாவட்டத்தில, ஒரே சட்டத்தில ரெண்டும் நடக்குது.

அப்ப நல்ல தலைவர் எண்டு எப்பிடி அறியிறது? எல்லாரும் ரிபன் வெட்டினம்தானே?

ரிபன் வெட்டினதுக்கு மூண்டு வருசத்தால அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கோ. அவ்வளவுதான் சோதினை.

2016 இல வவுனியாவுக்குப் பொருளாதார மத்திய நிலையம் எண்டு ஒண்டு வந்தது, தோட்டச் சாமான் மொத்தமா விக்கிற இடம். ஓமந்தையில வைக்கிறதோ தாண்டிக்குளத்தில வைக்கிறதோ எண்டு முதலமைச்சரும் எம்பிமாரும் மாதக்கணக்கில பிடுங்குப்பட்டினம், கடைசியில ரெண்டிலயும் இல்லாம வேற இடத்தில கட்டுப்பட்டு, கட்டி முடிஞ்ச பிறகும் வருசக்கணக்கில பூட்டிக் கிடந்தது. ஆர் சரி ஆர் பிழை எண்டு நான் தீர்ப்புச் சொல்ல வரேல்ல, சண்டை முடியிற வரைக்கும் தோட்டக்காரன் காத்துக்கொண்டு இருக்கேலாது, கத்தரிக்காய் காத்துக்கொண்டே இருக்கும்?

மறுபக்கம் ஒண்டு சொல்லுறன், நான் இருந்த துறை எண்ட படியாப் பாசத்தில சொல்லுறதாவும் எடுக்கலாம். மூளாய் கூட்டுறவு ஆஸ்பத்திரி 1936 இல தொடங்கினது, ஊர்ச்சனமும் மலேயாப் பென்சன்காரரும் பங்குக்காசு போட்டு. வீரசிங்கம் மண்டபத்துக்கு எல்லாரும் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் போறியள், அந்த வீரசிங்கம் ஆரெண்டு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அவர் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த ஆள், 1952 இல வட்டுக்கோட்டை எம்பி. மேடையில அழகாக் கதைச்ச கன பேரின்ர பெயர் போச்சு, பங்குக்காசுப் புத்தகத்தைச் சரியா எழுதின ஆக்களின்ர வேலை நிக்குது.

பிளேன் வந்தது, கப்பல் வந்தது, எங்கட வெங்காயத்துக்கு என்ன வந்தது?

கேட்டது ஒரு தோட்டக்கார அக்கா, இதை விட நல்ல கேள்வி எனக்கு இன்னும் வரேல்ல. பலாலி 2019 ஒக்ரோபர் 17 சர்வதேச விமான நிலையமாச்சு, கொரோனாவோட நிண்டு 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது, இப்ப சென்னைக்கு ஒரு மணித்தியாலம் கொஞ்சத்தில போகலாம். காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபர் 14 தொடங்கிக் கொஞ்ச நாளில கடல் சரியில்லையெண்டு நிண்டு, 2024 ஓகஸ்ட் 16 திரும்ப வந்தது. துறைமுகத்தைப் பெருப்பிக்க இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை எண்டு சொல்லியிருக்கு. ஆக்கள் போய் வருகினம், சேலை வருகுது, ஆஸ்பத்திரிக்குப் போகினம், பிழையில்ல. ஆனா சாமான் ஏத்திற ஒழுங்கு, குளிர் அறை, தரச் சான்றிதழ் இதெல்லாம் இல்லாம வெங்காயம் தன்ரபாட்டில பிளேன் ஏறாது.

அதை விடுங்கோ, சென்னைக்கு முந்திச் சந்தைக்கு வாங்கோ. விடிய நாலரைக்கு எங்கட பக்கத்துச் சந்தையில நான் கண்டது: அந்த அக்கா கத்தரிக்காய் மூட்டை ஆறு கொண்டு வந்தவ, தராசில நூறு கிலோ சொச்சம் காட்டுது, வாங்கிறவர் காதில செருகின பேனையை எடுத்துத் துண்டில 90 எண்டு எழுதுறார். நூறுக்குப் பத்துக் கழிவு. தாத்தா காலத்துச் சாக்கில ஈரம், மண், அழுகல் எண்டு தொடங்கின வழக்கம், இப்ப கழுவித் துடைச்சுக் கொண்டு வந்தாலும் கழிவு கழிவுதான். அந்த மூட்டையில அவவுக்கு லாபம் எண்டு நிக்கிறதே அந்தப் பத்துக் கிலோதான். இதை நிப்பாட்ட டெல்லிக்கும் போகத் தேவையில்ல, பீஜிங்குக்கும் போகத் தேவையில்ல, சந்தை பிரதேச சபையின்ர, நாலாவது கேள்வியில சொன்னன்தானே அலுவல் ஆற்ற எண்டு. கூட்டங்களில கதைக்கினம், தடை எண்டினம், அடுத்த நாள் விடிய அதே பேனை.

பனையை வச்சே பணக்காரர் ஆகலாம் எண்டினம், ஏன் நடக்கேல்ல?

பனை அபிவிருத்திச் சபை 1978 இல இருந்து இருக்கு, கைதடியில ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. ஒடியல், பனங்கட்டி, பனாட்டு எல்லாத்துக்கும் வெளிநாட்டில ஆள் இருக்கு. மரத்தில ஏறத்தான் ஆள் இல்ல. ஏறின ஆக்களை எங்கட ஊர் எப்பிடி நடத்தினது எண்டு எல்லாருக்கும் தெரியும், அவையின்ர பிள்ளையள் படிச்சு வேற வேலைக்குப் போச்சினம், போகத்தான் வேணும். அதுக்குப் பிறகு கற்பகதரு எண்டு கவிதை பாடி என்ன.

தண்ணிப் பிரச்சினை இன்னும் ஏன் இழுபடுது? இரணைமடுவில இருந்து குழாய் போட்டா முடிஞ்சுதுதானே?

யாழ்ப்பாணத்தில ஆறில்ல, சுண்ணக்கல்லுக்குக் கீழ நிக்கிற மழைத்தண்ணிதான் கிணறு. அதுக்குள்ள உரத்தின்ர நைத்திரேற், கரையோரத்தில உப்பு, சுன்னாகப் பக்கம் கழிவு எண்ணெய் வேற கலந்து கிணத்தில மிதந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் கொண்டுவரத் திட்டம் போட்டவை, கிளிநொச்சி விவசாயியள் மறிச்சவை. யாழ்ப்பாணத்து ஆக்கள் அதைச் சுயநலம் எண்டு பேசிச்சினம். நான் அவையின்ர பக்கம்தான் நிப்பன்: குளத்தில தண்ணி குறைஞ்ச வருசம் வயல் விதைக்கிறதோ யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கிறதோ எண்டு ஆர் முடிவெடுக்கிறது எண்டு அவை கேட்டவை, அதுக்கு ஒருத்தரும் நேர மறுமொழி சொல்லேல்ல. மூண்டாவது கேள்வியில எங்கட மிளகாய்த் தோட்டக்காரனுக்குக் கொழும்பு செய்ததை நாங்கள் கிளிநொச்சிக்குச் செய்யப் பாத்தம்.

பிறகு தாளையடியில கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கிற நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில திறந்தவை, நாளைக்கு 24,000 கன மீற்றர். வேலை செய்யுது, ஆனா கடல் தண்ணியைச் சுத்திகரிக்கக் கரண்ட் கனக்கத் தின்னும், அந்தச் செலவை ஆர் எவ்வளவு காலம் தாங்கிறது எண்டதையும் யோசிக்க வேணும். எஞ்சினியர் ஆறுமுகம் 1950 களில போட்ட திட்டம் ஒண்டும் இருக்கு, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு விடுறது, கொஞ்சம் தொடங்கி விட்ட இடத்தில கிடக்கு. தேர்தலுக்குத் தேர்தல் அதை எடுத்துத் தூசு தட்டுவினம்.

அதானி ஓடிட்டான், மன்னாரில காத்தாலை வேண்டாம் எண்டு போராட்டம். நாங்களே எல்லாத்தையும் எதிர்த்தா ஆர் வருவான்?

கனடா மச்சான் கேட்டது, கொஞ்சம் சூடாத்தான் கேட்டவர். முதல்ல விசயம் சரியா: இந்தியாவின்ர அதானி கொம்பனி மன்னாரிலயும் பூநகரியிலயும் காத்தாலை போட்டு 484 மெகாவற் செய்ய வந்தது, புது அரசாங்கம் கரண்ட் விலையைத் திரும்பக் கதைக்க வெளிக்கிட, 2025 பெப்ரவரியில தாங்கள் விலகிறம் எண்டு கடிதம் குடுத்தவை. அது விலைப் பிரச்சினை, சனம் கலைச்சதில்ல. மன்னாரில ஏற்கனவே 103.5 மெகாவற் தம்பபவனி காத்தாலை 2020 டிசம்பரில இருந்து சுத்துது. அது வந்த பிறகு வெள்ளம் வடியேல்ல, மீன் குறைஞ்சு போச்சு எண்டு தீவுச்சனம் சொல்லுது, இன்னொரு பக்கம் இல்மனைற் மண் அள்ளப் போகினம் எண்ட பயம். அந்தக் கரண்ட் நாட்டுக்குப் போகுது, காத்தாடியின்ர நிழல்தான் அவைக்கு. பங்கு என்ன எண்டு கேக்கிற ஆளை எதிர்ப்பாளர் எண்டு சொல்லுறது லேசு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக் கதையையும் கேளுங்கோ. 2021 இல ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசில ஒரு சீனக் கொம்பனிக்குக் கரண்ட் திட்டம் குடுத்தவை, இந்தியா வேண்டாம் எண்டது, பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை எண்டு வந்தது. ரெண்டு யானை மினக்கெட்ட நேரத்தில நெடுந்தீவுச் சனம் டீசல் கரண்டோட இருந்தது.

மீன்பிடியில ஏன் ஒரு தலைவரும் ஒண்டும் செய்யேல்ல?

ஒண்டும் செய்யேல்ல எண்டு சொல்லேலாது. இழுவை மடியைத் தடை செய்த சட்டம் 2017 இல வந்தது, அது அப்ப எம்பியா இருந்த சுமந்திரன் தனிநபர் பிரேரணையாக் கொண்டு வந்தது. சட்டம் இருக்கு, கிழமையில மூண்டு இரவு இந்திய இழுவைப் படகு வாறதும் இருக்கு. வலை அறுந்தா ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில நட்டம். எங்கட பக்கத்திலயும் இழுவை மடி வச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம், அதைக் கதைச்சா வாக்குப் போயிடும் எண்டு ஒரு கட்சியும் உரத்துக் கதைக்காது. மயிலிட்டித் துறைமுகத்தின்ர மூண்டாம் கட்ட வேலையை ஜனாதிபதி 2025 செப்ரெம்பர் 1 தொடக்கி வச்சார், மண்டைதீவில கிரிக்கெற் மைதானத்துக்கும் அண்டைக்குத்தான் கல்லு வச்சவை. மைதானத்தை விட மயிலிட்டியைத்தான் நான் கவனிப்பன்.

உரிமையா அபிவிருத்தியா? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்.

சிக்கவைக்கிற கேள்வி, தெரிஞ்சுதான் கேட்டவர். அரசாங்கத்தோட சேந்து ஏதாவது எடுப்பம் எண்ட வழியில டக்ளஸ் தேவானந்தா கன காலம் அமைச்சரா இருந்தவர், கடைசியாக் கடற்றொழில், 2024 இல ஆசனம் போச்சு. தீர்வு வரட்டும் பிறகு பாப்பம் எண்ட வழியையும் சனம் ரெண்டு மூண்டு தேர்தல் பாத்திட்டுது.

நான் வலிகாமம் வடக்கைக் காட்டுவன். அந்தச் செம்மண் மாதிரி நல்ல தோட்டக்காணி குடாநாட்டில வேற இல்ல. 1990 இல சனம் எழும்பினது, உயர் பாதுகாப்பு வலயம் எண்டு ஆமி வேலி போட்டிட்டுது, துண்டு துண்டா விட்டுக்கொண்டு வருகினம், பலாலி ரோட்டு 2025 ஏப்ரலிலதான் திரும்பத் திறந்தது. என்ர பெரியம்மாவின்ர காணி இன்னும் உள்ளுக்க. முப்பத்தஞ்சு வருச விளைச்சல் அது, வெங்காயம், மரவள்ளி, புகையிலை. அவவிட்டப் போய் உரிமையா அபிவிருத்தியா எண்டு கேளுங்கோ, விளக்குமாத்தால தருவா.

2024 இல அரசாங்கக் கட்சிக்கு மூண்டு சீற் குடுத்தம், ஏதும் வந்ததோ?

தேசிய மக்கள் சக்திக்கு ஆறில மூண்டு, தெற்குக் கட்சி ஒண்டு யாழ்ப்பாணத்தில முதலாவதா வந்தது இதுதான் முதல் தரம். 2025 பட்ஜெற்றில வடக்கு ரோட்டுகளுக்கு 5,000 மில்லியன், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், யாழ் நூலகத்துக்கு 100 மில்லியன் ஒதுக்கினவை. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தனில முதலீட்டு வலயம் எண்டும் சொல்லினம். ஒதுக்கிறதுக்கும் வாறதுக்கும் வித்தியாசம் மேல சொல்லியாச்சு, ரிபன் சோதினையும் சொல்லியாச்சு. மூண்டு வருசம் ஆகட்டும்.

நான் வெளிநாட்டில இருக்கிறன், ஊரில காசு போட்டா மாட்டுப்படுவனோ?

மாட்டுப்பட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும், என்ர சொந்தக்காரன்தான். மிளகாய்த்தூள், அரிசிமா அரைக்கிற மில் போட வந்தவர். மெசின் மூண்டு மாசத்தில வந்திட்டுது, த்ரீ பேஸ் கரண்ட் எடுக்கவும் அனுமதி ஒண்டொண்டா எடுக்கவும் ஒரு வருசம் ஓடினது, ஒரு கந்தோரில கோவை துலைஞ்சே போச்சு, புதுசா எழுதித் தாங்கோ எண்டவை. அவர் லீவு முடிஞ்சு போக மெசினை ஒழுங்காப் பாக்க ஆளில்ல. இப்ப அதுக்கு மேல கோழி படுக்குது.

அதுக்காகப் போடாதேங்கோ எண்டு சொல்லேல்ல. காணியும் கட்டிடமும் வாங்காம, ஏற்கனவே இஞ்ச ஓடுற ஒரு தொழிலுக்குப் பங்காப் போடுங்கோ, அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை மாதிரிக் கரண்டும் தண்ணியும் ரோட்டும் இருக்கிற இடத்தில தொடங்குங்கோ. கோயில் கோபுரத்துக்கு அனுப்பிறதில பத்தில ஒண்டு போதும். ஐரி படிச்ச பெடியளுக்கு வேலை குடுக்கிறது இன்னும் சுகம், லப்ரொப்புக்கு த்ரீ பேஸ் தேவையில்ல.

எல்லாம் சரி, எங்கட சின்னச் சங்கத்தால என்ன கிழிக்கேலும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல வந்தது. ஒரு கந்தோரின்ர தகவல் அலுவலருக்குக் கடிதம் எழுதினா 14 வேலை நாளுக்கை தருவமோ இல்லையோ எண்டு சொல்ல வேணும், காரணமும் கேக்கேலாது. எங்கட சங்கக் கடைக்குப் பக்கத்து மதகு உடைஞ்சு கிடந்தது, நாலு வருசமா எல்லாக் கூட்டத்திலயும் கத்தினனாங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினன்: இந்த மதகு ஆற்ற பொறுப்பு, மதிப்பீடு செய்தாச்சோ, எந்த வருசம் எவ்வளவு ஒதுக்கினது.

பதினோராம் நாள் பதில் வந்தது. பிரதேச சபையின்ர எண்டு நாங்கள் கத்தினது மாகாணத்தின்ர டி ரோட்டாம், மதிப்பீடு செய்யவே இல்லையாம். அடுத்த கிழமை ரெக்னிக்கல் ஒபிசர் தம்பி மோட்டச்சைக்கிளில ரேப்போட வந்து நிண்டார், ஒரு முனையைப் பிடிக்க ஆளில்ல, நான்தான் பிடிச்சனான். அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கடிதத்தின்ர கொப்பி நிலையத்தில நீலக் கோவைக்குள்ள இருக்கு, வேணுமெண்டா பின்னேரம் வந்து பாத்து எழுதிக்கொண்டு போங்கோ.